இடதுசாரி நடைமுறைவாதி அரசியலை எப்படிப் பார்க்கிறார்?

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா ஓட்டெடுப்புக்கு வருகிறது. எல்லோருக்கும் இலவச மருத்துவம் வேண்டும் என்று நீங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர். வந்திருக்கும் மசோதாவோ விடுபட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் காப்பீடு தருகிறது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அப்படியே இருக்கும். ஆதரித்து ஓட்டுப் போடுவீர்களா?

இது ஏமாற்று வேலை என்று எதிர்த்து ஓட்டுப் போடும் இடதுசாரிகள் உண்டு. இதற்கு மேல் எதுவும் நடக்காது, கிடைத்தவரை லாபம் என்று அத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு, விடுபட்ட மீதிப் பேருக்காக மறுநாளே வேலையைத் தொடங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் இந்தக் கட்டுரையில் இடதுசாரி நடைமுறைவாதி என்று அழைக்கப்போகிறேன். என் நிலைப்பாடும் அதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடதுசாரி என்ற பாதி எளிது. சொத்தும் அதிகாரமும் சிலரிடம் குவிவது இயற்கையின் விதி அல்ல, மனிதர்கள் போட்ட சட்டங்களால் வந்தது, சட்டங்களால் மாற்றவும் முடியும் என்று நம்புகிறவர் இடதுசாரி. மருத்துவம், கல்வி, முதுமைக்கால வருமானம் ஆகியவை பணம் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் சரக்காக இருக்கக் கூடாது என்பார்.

நடைமுறைவாதி என்ற பாதியில்தான் குழப்பம். கொள்கையில் பாதியைக் கைவிட்டவர், இடதுக்கும் வலதுக்கும் நடுவில் நிற்பவர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தில் இவருக்கும் தீவிர இடதுசாரிக்கும் பெரிய வேறுபாடு இருக்க வேண்டியதில்லை. வழியில்தான் வேறுபாடு. அரசு நடத்தினால் நன்றாக நடக்கும் என்றால் அரசு நடத்தட்டும், கூட்டுறவு சரிப்படும் என்றால் கூட்டுறவு, சந்தை மலிவாகச் செய்யும் என்றால் சந்தை என்பார். செய்து பார்த்தது பலிக்கவில்லை என்றால், அதைத் தன் கட்சியே கொண்டுவந்திருந்தாலும், மாற்றச் சொல்வார்.

இந்தப் பார்வை புதியதும் அல்ல. 1847இல் பிரிட்டன் நாடாளுமன்றம் பத்து மணி நேரச் சட்டத்தை நிறைவேற்றியது. நெசவாலைகளில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். நிலவுடைமையாளர்களும் ஆலை முதலாளிகளும் நிறைந்திருந்த சபை அது. பெரும்பாலான தொழிலாளிகளுக்கு அப்போது ஓட்டே கிடையாது. ஆனாலும் 1864இல் முதல் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க உரையை எழுதிய கார்ல் மார்க்ஸ், இந்தச் சட்டத்தை நடைமுறையில் கிடைத்த பெரிய வெற்றி என்றதோடு நிற்காமல், ஒரு கொள்கையின் வெற்றி என்றே கொண்டாடினார். முதலாளித்துவத்தை வேரோடு சாய்க்க நினைத்தவருக்கே, எதிராளியின் சபையில் வாங்கிய இரண்டு மணி நேர ஓய்வு அற்பமாகப் படவில்லை.

எந்தச் சமரசம் நல்லது?

எல்லாச் சமரசமும் நல்லது என்று சொல்கிறவர் நடைமுறைவாதி அல்ல, சந்தர்ப்பவாதி. அப்படியானால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நான் பார்க்கும் முதல் விஷயம், இந்த ஏற்பாட்டால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறும் என்பது. அடுத்தது, இது அடுத்த அடியை எளிதாக்குமா, அல்லது அந்த வழியையே அடைத்துவிடுமா என்பது. இரண்டாவதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் ஆட்சி 1935இல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதியவர்களுக்கு ஓய்வூதியம் தந்த அந்தச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்வோரும் சேர்க்கப்படவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். மிக மோசமான குறை அது. 1950, 1954 ஆண்டுகளின் திருத்தங்களில்தான் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள். நடுவில் போன பதினைந்து, இருபது ஆண்டுகளின் இழப்பை அந்தச் சமரசத்தைப் பேசி முடித்த தலைவர்கள் யாரும் சுமக்கவில்லை. வயல்களிலும் அடுக்களைகளிலும் உழைத்தவர்கள்தான் சுமந்தார்கள். நடைமுறைவாதம் பேசுகிற ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால், திட்டம் என்று ஒன்று உயிரோடு இருந்ததால்தான் பின்னால் அவர்களை அதில் சேர்க்க முடிந்தது என்பதும் உண்மை.

2010இல் ஒபாமா ஆட்சி நிறைவேற்றிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மசோதாவைப் போன்றதுதான். தனியார் காப்பீட்டோடு போட்டியிடும் வகையில் அரசே ஒரு காப்பீட்டை நடத்தலாம் என்ற பகுதி, செனட்டில் தேவைப்பட்ட 60 ஓட்டுகள் சேரவில்லை என்பதால் கைவிடப்பட்டது. இடதுசாரிகள் பலருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் 2017இல் நடந்ததைப் பாருங்கள். வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றையும் கையில் வைத்திருந்த குடியரசுக் கட்சியால் அந்தச் சட்டத்தை நீக்க முடியவில்லை. அவர்களின் செனட்டர்களே மூன்று பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் 49க்கு 51 என்று மசோதா தோற்றது. ஏழாண்டுகளில் லட்சக்கணக்கான குடும்பங்களின் கையில் காப்பீடு வந்துவிட்டிருந்தது. கையில் இருக்கும் ஒன்றைப் பிடுங்குவது அரசியலில் மிகக் கடினம். அரைகுறை என்று திட்டப்பட்ட சட்டத்துக்கு அந்த மக்களே காவலாக நின்றார்கள்.

ஒரே மனிதர், இரண்டு முடிவுகள்

எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே நின்றுவிடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அனைரின் பெவன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறுவயதிலேயே தானும் சுரங்கத்தில் இறங்கியவர். 1945இல் பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது சுகாதார அமைச்சரானார். பணம் இல்லை என்பதால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது, மருத்துவமனை வாசலில் காசு கேட்கவே கூடாது என்பது அவர் திட்டம்.

மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அரசு ஊழியர்களாக மாற மாட்டோம் என்றார்கள். 1948 பிப்ரவரியில் சங்கம் தன் உறுப்பினர்களிடம் நடத்திய ஓட்டெடுப்பில் மிகப் பெரும்பாலோர் திட்டத்தை நிராகரித்தார்கள். திட்டம் தொடங்க வேண்டிய நாளோ அதே ஆண்டு ஜூலை 5. மருத்துவர்கள் வராமல் மருத்துவச் சேவையை எப்படித் தொடங்குவது?

பெவன் விட்டுக்கொடுத்தார். பெரிய மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்கள் பகுதிநேரமாகத் தனியாரிடமும் வேலை செய்துகொள்ளலாம், அரசு மருத்துவமனையிலேயே கட்டணப் படுக்கைகளும் வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே ஒத்துக்கொண்டிருந்தார். இப்போது குடும்ப மருத்துவர்களைச் சம்பள ஊழியர்களாக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அவர்கள் ஒப்பந்த அடிப்படையில் சுதந்திரமாக இருக்கலாம் என்று உறுதி தந்தார். அவர் கட்சியில் பலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் ஜூலை 5 அன்று திட்டம் தொடங்கியது. அன்று முதல், குடலிறக்கத்தோடும் கருப்பை இறக்கத்தோடும் பல்வலியோடும் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் மருத்துவமனை நோக்கி வந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1951 ஏப்ரலில், கொரியப் போரை ஒட்டிய ஆயுதச் செலவுக்காக நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் ஒரு பட்ஜெட் போட்டார். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் நோயாளிகள் பாதி விலை கொடுக்க வேண்டும் என்றார். மொத்த ஆயுதச் செலவோடு ஒப்பிட்டால் இதனால் கிடைக்கும் தொகை மிகச் சிறியது. மருத்துவர்களுக்கு அவ்வளவு விட்டுக்கொடுத்த பெவன், இந்தச் சின்னக் கட்டணத்தை ஏற்க மறுத்து அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பின்னாளில் பிரதமரான ஹெரால்டு வில்சனும் அவரோடு வெளியேறினார்.

முன்னுக்குப் பின் முரண் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது செலவுக் கணக்கு. நோயாளியிடம் காசு கேட்கலாமா என்பது திட்டத்தின் உயிர். முதலாவதில் விட்டுக்கொடுத்தால் திட்டம் பிறக்கும். இரண்டாவதில் விட்டுக்கொடுத்தால், அடுத்து வருகிறவர் இன்னொரு கட்டணம் போடுவார். அப்படியே நடந்தது. 1952இல் கன்சர்வேட்டிவ் ஆட்சி மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் விதித்தது. பெவன் பிறந்த வேல்ஸில் அந்தக் கட்டணம் ஒழிந்தது 2007இல். இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது.

விலகியதால் கட்சி பிளவுபட்டது, அதே ஆண்டு தேர்தலிலும் தோற்றது, ஆகவே அது நடைமுறை தெரியாத முடிவு என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அந்த விலை பெரியதுதான். ஆனாலும் நான் பெவன் பக்கம்தான்.

நடைமுறை என்ற பெயரில் நடந்தவை

1990களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இடதுசாரிக் கட்சிகளின் தலைவர்கள் தங்களை நடைமுறைவாதிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்காவில் கிளின்டன், பிரிட்டனில் பிளேர், ஜெர்மனியில் ஷ்ரோடர் ஆகியோரின் காலம் அது. அவர்கள் செய்ததில் நல்லவையும் உண்டு. பிரிட்டனில் 1999இல் வந்த தேசியக் குறைந்தபட்ச ஊதியம் அவற்றில் ஒன்று. ஆனால் அடிப்படையில் ஒரு தவறு இருந்தது. கருவியை மாற்றப் போனவர்கள், போக வேண்டிய இடத்தையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள்.

ஜெர்மனியில் ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சி செய்த சீர்திருத்தம் இதைத் தெளிவாகக் காட்டும். 2005 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், நீண்ட காலம் வேலையில்லாமல் இருப்பவருக்கு, முன்பு வாங்கிய சம்பளத்தை ஒட்டிய உதவித்தொகை கிடைத்து வந்தது. புதிய சட்டப்படி, பெரும்பாலோருக்கு ஓராண்டு முடிந்ததும் வெறும் வாழ்வாதாரத் தொகைதான். அதுவும் வீட்டில் என்ன சேமிப்பு இருக்கிறது என்று கணக்குப் பார்த்த பிறகு. இருபது, முப்பது ஆண்டுகள் ஆலையில் உழைத்தவரும் ஒருநாளும் வேலைக்குப் போகாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்தக் கட்சியைத் தலைமுறை தலைமுறையாக ஆதரித்தவர்கள் இதை அவமானமாக உணர்ந்தார்கள். அதன்பின் வேலையின்மை வெகுவாகக் குறைந்தது என்று ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். குறைந்தது உண்மைதான், அதில் இந்தச் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கட்சியின் கதி மட்டும் தெளிவு. 1998இல் 40.9 சதவீதம் ஓட்டு வாங்கிய கட்சி, 2025 பிப்ரவரியில் 16.4 சதவீதத்துக்கு வந்து நின்றது. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவமானப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஆகவே ஒரு தலைவர் "நான் நடைமுறைவாதி" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக உழைக்கும் மக்களுக்கு என்ன வாங்கி வந்தார் என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அது வெறும் சரணாகதி.

யாரோடு கூட்டுச் சேர்வது?

இன்று பல நாடுகளில் இடதுசாரிகளுக்கு முன் இருக்கும் பெரிய கேள்வி இதுதான். தீவிர வலதுசாரி வளர்கிறபோது, பிடிக்காத நடுவழிக் கட்சிகளோடு கைகோக்கலாமா?

வரலாற்றில் இதற்கு ஒரு கொடிய பாடம் இருக்கிறது. 1932 நவம்பரில் ஜெர்மனியில் நடந்த தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 196 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 100. அதாவது இரண்டு தொழிலாளர் கட்சிகளும் சேர்ந்தால் நாஜிகளைவிட அதிகம். ஆனால் சமூக ஜனநாயகவாதிகளைச் "சமூகப் பாசிஸ்டுகள்" என்று முத்திரை குத்தியிருந்தது கம்யூனிஸ்ட் கட்சி. கம்யூனிஸ்டுகளை அறவே நம்பாதது மற்றது. இருவரும் சேர்ந்தாலும் ஆட்சியமைக்கப் பெரும்பான்மை வந்திருக்காது என்பது சரிதான். ஆனால் ஒன்றுபட்ட எதிர்ப்பு என்று ஒன்று இருந்திருக்கும். சில மாதங்களுக்குள் இரு கட்சிக்காரர்களும் ஒரே வதைமுகாமில் அடைபட்டார்கள்.

2024 கோடையில் பிரான்ஸ் இடதுசாரிகள் இந்தப் பாடத்தை நினைவில் வைத்திருந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் மரீன் லெ பென்னின் தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடம் பிடித்தது. ஒரு வாரத்தில் இரண்டாம் சுற்று. ஓட்டுப் பிரியாமல் இருக்க, இடதுசாரிக் கூட்டணியும் அதிபர் மக்ரோனின் அணியும் 200க்கும் மேற்பட்ட தொகுதிகளில் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டன. லெ பென் கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது, இடதுசாரிக் கூட்டணி அதிக இடங்களைப் பெற்றது. அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மக்ரோன் பிரதமராக நியமித்தது பழைய வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்த மிஷேல் பார்னியேயை. இடதுசாரிகளுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அதற்காகத் தொகுதிகளை விட்டுக்கொடுத்தது தவறு என்று ஆகாது. ஆபத்தைத் தடுப்பது ஒரு வேலை, ஆட்சியைப் பிடிப்பது வேறு வேலை. முதலாவதை முடித்ததற்குக் கூலியாக இரண்டாவது தானாக வராது.

எல்லைக்கு வெளியே: ஒரே அளவுகோல்

உலக விவகாரங்களில்தான் இந்தப் பார்வைக்கு உண்மையான சோதனை. இங்கே உணர்ச்சி அதிகம், தகவல் குறைவு. பழைய பனிப்போர்க் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. முதலில் எந்த அணி என்று பார்த்துவிட்டு, அப்புறம் நியாயம் தேடுவது அந்தப் பழக்கம்.

ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு எளிமையானது. எந்த நாடும் இன்னொரு நாட்டின் நிலப்பரப்புக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது. 2003இல் அமெரிக்கா இராக்கில் செய்தது இந்த விதியை மீறியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனில் செய்ததும் அதே விதியைத்தான் மீறியது. முதலாவதை எதிர்த்துத் தெருவில் நின்றவர், இரண்டாவதற்கு நேட்டோ விரிவாக்கத்தைக் காரணம் காட்டி மௌனமாவது எனக்குப் புரிவதில்லை. நேட்டோவைப் பற்றி விமர்சனம் இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. அதற்காகப் பக்கத்து நாட்டின் நகரங்கள் மீது ஏவுகணை வீசும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. தன்னைக் காத்துக்கொள்ளும் உக்ரைனுக்கு ஆயுதம் தருவதை நான் ஆதரிக்கிறேன். போரை விரும்பி அல்ல, ஆயுதம் இல்லாமல் பேச உட்காரும் சிறிய நாடு பேச்சுவார்த்தையில் எதையும் பெற முடியாது என்பதால்.

இதே அளவுகோலைக் காசாவுக்கும் வைக்க வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது, பொதுமக்களைப் பணயக் கைதிகளாகப் பிடித்தது. அது குற்றம். அதன்பின் இஸ்ரேல் காசாவைத் தரைமட்டமாக்கியதும், உணவும் மருந்தும் போகும் வழிகளை நெரித்ததும், பல்லாயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றதும் குற்றம். உக்ரைனுக்காக சர்வதேசச் சட்டம் பேசிய மேற்கத்திய அரசுகள் பல, இங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டன. உக்ரைன் தீர்மானத்தை 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு அவையில் ரஷ்யா தன் வீட்டோவால் தடுத்தது. காசா போர்நிறுத்தத் தீர்மானத்தை 2023 டிசம்பரில் அமெரிக்கா தன் வீட்டோவால் தடுத்தது. இரண்டும் பொதுச் சபைக்குப் போயின. உக்ரைனுக்கு ஆதரவாக 141 நாடுகள் ஓட்டுப் போட்டன, காசா போர்நிறுத்தத்துக்கு ஆதரவாக 153. உலக நாடுகளில் பெரும்பாலானவை இரண்டு இடத்திலும் ஒரே பக்கம்தான் நின்றன. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் 2023 மார்ச்சில் புதினுக்கும், 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் பிடியாணை பிறப்பித்தது. அளவுகோல் இல்லாமல் இல்லை. எடுத்துப் பயன்படுத்தத்தான் வல்லரசுகளுக்கு மனம் இல்லை.

சரி, கண்டித்தாகிவிட்டது. அடுத்து? கண்டனத்தோடு நின்றுவிட்டால் அது பாதி வேலை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சின்ன வழியைத் திறக்க முடியுமா என்று தேடுவார் நடைமுறைவாதி. 2022இல் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டபோது, உக்ரைன் கோதுமையை நம்பியிருந்த நாடுகளில் விலை ஏறியது. துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று ஜூலையில் இஸ்தான்புல்லில் ஓர் ஏற்பாடு செய்தன. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் கையெழுத்துப் போட மறுத்தன. சரி, தனித்தனித் தாளில் போடுங்கள் என்றார்கள். ஒவ்வொரு தரப்பும் துருக்கியோடும் ஐ.நா.வோடும் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. இஸ்தான்புல்லில் நான்கு தரப்பு ஆய்வாளர்களும் ஒன்றாகக் கப்பலில் ஏறி, உள்ளே தானியம்தானா, ஆயுதம் ஏதும் இல்லையா என்று பார்த்தார்கள். தாய்நாடுகள் ஒன்றையொன்று குண்டு வீசிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஒரு ரஷ்யரும் ஒரு உக்ரைனியரும் ஒரே கப்பலின் சரக்கறையைச் சோதித்தார்கள். 2023 ஜூலையில் ரஷ்யா விலகி ஏற்பாட்டைக் கெடுக்கும் வரை, ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் தானியமும் உணவுப்பொருளும் வெளியே போயின. போரை அது நிறுத்தவில்லை. ஆனாலும் அந்தத் தானியம் பலரின் பசியைப் போக்கியது.

குறையுள்ள ஒப்பந்தத்தைக் கிழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரான் சாட்சி. 2015 அணு ஒப்பந்தப்படி ஈரான் யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டக் கூடாது, சர்வதேச ஆய்வாளர்களை உள்ளே விட வேண்டும். ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருந்தது, ஏவுகணைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. குறைகள்தான். இதைவிட நல்லதைப் பெறுவோம் என்று 2018 மே மாதம் டிரம்ப் வெளியேறினார். நல்லது வரவில்லை. 2021இல் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசின. டெஹ்ரான் ஆட்சி தன் மக்களை ஒடுக்கும் ஆட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட ஆட்சியோடுதான் இப்படி ஓர் ஒப்பந்தம் தேவைப்படுகிறது.

பொருளாதாரத் தடைகளைப் பற்றிச் சுருக்கமாக. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி மீது தடை போடச் சொன்னவர்கள், அந்த ஆட்சியால் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்களே. கியூபா மீது 1962 முதல் அமெரிக்கா வைத்திருக்கும் தடை ஆட்சியை மாற்றவில்லை, அங்குள்ள மக்களின் வாழ்க்கையைத்தான் சுருக்கியிருக்கிறது. தடையின் சுமையைத் தாங்கப்போகிறவர்கள் அதைக் கேட்கிறார்களா என்பதே நான் முதலில் பார்ப்பது.

இன்னொன்று. ஒரு காரியத்தைச் செய்தவர் யார் என்பதை வைத்து அந்தக் காரியத்தை எடைபோடக் கூடாது. இராக்கில் போர் தொடுத்த அதே ஜார்ஜ் புஷ், அதே 2003இல், ஏழை நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான பெரிய திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்க அரசின் மதிப்பீட்டின்படி அது 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2025இல் டிரம்ப் ஆட்சி அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பையே கலைத்து, இந்த மருந்துகள் போய்ச் சேரும் வழியைக் குலைத்தபோது, வல்லரசின் உதவிதானே, போனால் போகட்டும் என்று சில இடதுசாரிகள் சொன்னார்கள். மாத்திரை நின்றுபோன நோயாளியிடம் போய் இதைச் சொல்ல முடியாது. புஷ் இராக்கில் செய்தது பெருங்குற்றம், இந்தத் திட்டம் பெரும் நன்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

சிலி சொல்லும் கதை

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே இடத்தில் நடந்த நாடு சிலி. 2019இல் ஏற்றத்தாழ்வுக்கு எதிராக நாடே தெருவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் முன்னாள் மாணவர் தலைவர் கேப்ரியல் போரிச் 35 வயதில் அதிபராகத் தேர்வானார். புதிய அரசியல் சாசனம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையில் இடதுசாரிகளும் சுயேச்சைகளும் பெரும்பான்மை. அவர்கள் 388 பிரிவுகள் கொண்ட சாசனம் எழுதினார்கள். நல்ல விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் சபையில் வலதுசாரிகளின் ஓட்டு தேவைப்படாததால், சபைக்கு வெளியே இருந்த சாதாரண மக்களுக்கு எது ஏற்புடையது என்ற கவலையும் போய்விட்டது. 2022 செப்டம்பர் 4 அன்று மக்களில் 62 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள்.

போரிச் அதன்பின் வேறு வழியில் போனார். பினோசே சர்வாதிகாரக் காலத்திலிருந்து அங்கே ஓய்வூதியம் தனியார் நிதி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதம் போட வேண்டும், அந்தச் சேமிப்பில் முதலாளியின் பங்கு எதுவும் அப்போது இல்லை. அந்த நிறுவனங்களை ஒழிப்பேன் என்றுதான் போரிச் வாக்குக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை. கடைசியில் 2025 ஜனவரியில் நிறைவேறிய சட்டத்தில் அந்த நிறுவனங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் முதலாளிகளும் படிப்படியாகப் பங்கு போட வேண்டும், பெண்களின் குறைந்த ஓய்வூதியத்துக்கு ஈடு கிடைக்கும். 2023இல் வார வேலை நேரத்தை 45 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கும் சட்டமும் வந்தது. இரண்டையும் முதலாளிகளோடும் எதிர்க்கட்சிகளோடும் பேசிப் பேசி முடித்த தொழிலாளர் அமைச்சர் ஜெனட் ஹாரா, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். தீவிரக் கட்சியில் இருப்பவர் நடைமுறைவாதியாக இருக்க முடியாது என்று நினைப்பவர்கள் அவரைக் கவனிக்கலாம்.

வெளியுறவிலும் போரிச் ஒரே அளவுகோல் வைத்தார். ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டித்தார், காசா தாக்குதலுக்காக இஸ்ரேலிலிருந்து தூதரைத் திரும்ப அழைத்தார். இடதுசாரிப் பெயரில் நடக்கும் வெனிசுவேலா, நிகரகுவா ஆட்சிகளின் அடக்குமுறையையும் மூடிமறைக்கவில்லை. 2024இல் வெனிசுவேலாவின் அப்போதைய அதிபர் மதூரோ அறிவித்த தேர்தல் முடிவை நம்ப முடியாது என்று முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதற்காகத் தன் பக்கத்திலிருந்தே நிறைய வசை வாங்கினார்.

2025 டிசம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் ஹாரா தோற்றார், கடும் வலதுசாரியான ஹோசே அந்தோனியோ காஸ்ட் வென்றார். குற்றமும் குடியேற்றமுமே தேர்தலின் பேச்சாக இருந்தன. அந்த இரண்டிலும் இடதுசாரிகளிடம் மக்களை நம்பவைக்கும் பதில் இல்லை. நடைமுறைவாதம் தேர்தல் வெற்றிக்கு உத்தரவாதம் தராது. ஆனால் வேலை நேரச் சட்டத்துக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. 2024 ஏப்ரலில் 44 மணி, 2026 ஏப்ரலில் 42, 2028 ஏப்ரலில் 40. புதிய ஆட்சி அதை மாற்ற நினைத்தால், வாரத்தில் சில மணி நேரத்தை ஏற்கனவே கையில் வாங்கிவிட்ட தொழிலாளர்களிடமிருந்துதான் பிடுங்க வேண்டியிருக்கும்.